கடன் குறையுமெண்டு கவுண்டிக்குப் போகலாமோ?

கேள்வி: அண்ணா, நாங்கள் ஸ்காபரோவில ஒரு ரவுன்ஹவுஸில இருக்கிறம். பக்கத்து வீடு போன விலையைப் பாத்தா எங்கட 780,000 டொலருக்குப் போகும் எண்டினம், மோட்கேஜ் (வீட்டுக்கடன்) இன்னும் 310,000 கிடக்கு. போன ஜூலையில சாண்ட்பாங்ஸ் பீச்சுக்குப் போட்டு வரேக்க பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியில, பிக்டனுக்குக் கிட்ட இரண்டரை ஏக்கர் காணியோட ஒரு பழைய பாம் ஹவுஸ் (தோட்டத்து வீடு) 699,000க்குப் போட்டிருந்தாங்கள், இன்னும் விக்கேல்ல, எனக்கு அதே நினைப்பாக் கிடக்கு. இவருக்கு மிசிசாகாவில வேலை, கிழமையில ரெண்டு நாள் ஒபிஸ், மிச்சம் வீட்டில இருந்து. பிள்ளையளுக்கு 13ம் 9ம். அம்மா எங்களோட, 74 வயசு, சுகர் இருக்கு. ஜூலை ஆகஸ்ட் முழு வீட்டையும் எயார்பிஎன்பிக்கு (ரூறிஸ்ற்றுக்கு நாள் வாடகைக்கு) விட்டுட்டு நாங்கள் மாமா வீட்டில நிண்டா வருசத்து மோட்கேஜில பாதி வந்திடும், பிறகு காணியைப் பிரிச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம் எண்டு என்ர அண்ணர் சொல்லுறார். கடன் குறைஞ்சு நிம்மதியா இருக்கலாம்தானே?

பதில்: தங்கச்சி, ஆசைப்படுறதில ஒரு பிழையும் இல்ல, கவுண்டி வடிவான இடம்தான். ஆனா நீங்கள் எழுதினதில கணக்கு ஒரு இடத்தில பிழைக்குது, அதை முதல்ல பாப்பம்.

780,000க்கு வித்தா 780,000 கைக்கு வராது. கமிஷன் ரெண்டு பக்கமும் சேத்து 5 வீதம் எண்டு வச்சா 39,000, அதுக்கு மேல 13 வீதம் எச்எஸ்ரி (விற்பனை வரி), எல்லாமா 44,000 சொச்சம். (கமிஷன் பேசித் தீர்மானிக்கிற விசயம்தான், குறைச்சுக் கேளுங்கோ, என்னை மாதிரி வீடு விக்கிற ஏஜென்ற்மார் ஆரும் இதை வாசிச்சாக் கோவிக்கவேண்டாம்.) லோயருக்கு ஒரு ரெண்டாயிரம். பாங்கின்ர 310,000ஐக் கட்டினா மிச்சம் 424,000 அளவில. ரேம் (பாங்கோட பேசின தவணை) முடிய முதல் மோட்கேஜை உடைச்சா பெனல்ரி வேற, அது உங்கட பேப்பரைப் பாத்தாத்தான் தெரியும், சில வேளை சின்னனா இருக்கும், சில வேளை நெஞ்சு அடைக்கும். இனி வாங்கிற பக்கம். 700,000 வீட்டுக்கு ஒன்ராறியோ லாண்ட் ட்ரான்ஸ்பர் ரக்ஸ், அதாவது வீடு கைமாறேக்க வாங்கிற ஆள் கட்டிற வரி, 10,475 டொலர். ரொறொன்ரோவுக்குள்ள எண்டா நகரத்தின்ர வரியும் சேந்து இது இரட்டிப்பா வந்திருக்கும், அந்த ஒரு லாபம் உங்களுக்கு இருக்கு. லோயர், இன்ஸ்பெக்ஷன், சாமான் ஏத்திற லொறி, போன உடன கட்டாயம் திருத்தவேண்டியது எல்லாம் போக கையில 400,000 நிண்டாப் பெரிய காரியம். அப்ப புது மோட்கேஜ் 300,000. அதாவது 310இல இருந்து 300க்கு வந்திருக்கிறியள். வீடு பெருசாகும், முத்தம் பெருசாகும், கடன் இருந்த இடத்திலயேதான் நிக்கும்.

அதுக்கு மேல ரெண்டாவது கார் கட்டாயம். ஸ்காபரோவில பஸ் பிடிச்சுப் போன ஆக்கள் அங்க ஒரு லீற்றர் பால் வாங்கவும் கார் எடுக்கவேணும். பாம் ஹவுஸ் எண்டபடியா காஸ் லைன் ரோட்டில வருதோ எண்டு பாருங்கோ, கன இடத்தில இல்ல, புரொப்பேன் இல்லாட்டி ஒயில் இல்லாட்டி கரண்டிலதான் சூடு, பழைய வீட்டில சுவருக்குள்ளால காத்து வரும், போன மாரி பில் எவ்வளவு எண்டு கேக்காமல் அந்த வீட்டுக்கு விலையே பேசக்கூடாது. ப்ரொப்பர்ரி ரக்ஸும் குறையும் எண்டு எதிர்பாக்காதேங்கோ. ரொறொன்ரோவின்ர வரி வீதம் ஒன்ராறியோவிலயே குறைஞ்சதுகளில ஒண்டு, வெளிய போனாத்தான் அந்த அருமை தெரியும்.

கிராமம்தானே, ஏன் இந்த விலை எண்டு கேப்பியள். பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டி ரொறொன்ரோவையும் விடப் பரப்பில பெருசு, ஆனா 2021 சென்சஸில மொத்தச் சனம் 25,704 தான், அதில பாதிக்கு மேல 50 வயசு தாண்டின ஆக்கள். 1889இல மறே கால்வாய் வெட்டின பிறகு சுத்திவரத் தண்ணியா ஒரு தீவாப் போச்சு. முந்தி அங்க தோட்டமும் தக்காளி ரின்னில அடைக்கிற தொழிற்சாலையளும்தான். பிறகு வைன்காரர் வந்தாங்கள், 2007இல கவுண்டி வைனுக்கு எண்டு தனி அங்கீகாரம் கிடைச்சுது, ரொறொன்ரோ, ஒட்டாவா, மொன்றியல் காசுக்காரர் வீக்கெண்ட் வீடு வாங்கத் தொடங்கிச்சினம், பென்சன் எடுத்த ஆக்கள் நகரத்து வீட்டை வித்த காசோட வந்திச்சினம். கோவிட் நேரம் பாங்க் ஒஃப் கனடா வட்டி 0.25 வீதத்தில கிடக்க, எல்லாரும் வீட்டில இருந்து வேலை எண்ட உடன, அங்க ஒரு படையெடுப்பே நடந்தது. ஆகவே அங்கத்தை வீட்டு விலையைத் தீர்மானிக்கிறது அங்க வேலை செய்யிற ஆள் இல்ல, இங்க இருந்து போற காசு. றெஸ்ரோறன்றில சமைக்கிற பெடியன், ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளை, அவைக்கு அந்த ஊரில இருக்க இடம் இல்ல, கன வாடகை வீடு செப்ரம்பரில இருந்து ஜூன் மட்டுந்தான், கோடை வந்தா எழும்பவேணும், சொந்தக்காரர் ரூறிஸ்ற்றுக்கு விடுவார். சம்பளம் கிராமத்துச் சம்பளம், விலை நகரத்து விலை. இதை நான் ஏன் சொல்லுறன் எண்டா, நாளைக்கு மிசிசாகா ஒபிஸ் கிழமையில நாலு நாள் வா எண்டு சொல்லி இவர் அங்கேயே வேலை தேடவேண்டி வந்தா, 300,000 மோட்கேஜ் கட்டிற சம்பளத்தில அங்க வேலை லேசில அம்பிடாது.

வட்டி 2022இல ஏறத் தொடங்கி 2023 ஜூலையில 5 வீதத்துக்குப் போன பிறகு அந்தப் படையெடுப்பு அடங்கிட்டுது, வட்டி திரும்பக் குறைஞ்ச பிறகும் பழைய வெறி வரேல்ல. உங்கட பாம் ஹவுஸ் இன்னும் விக்காமக் கிடக்கிறது அதாலதான். வாங்கிற ஆளுக்கு இது நல்லது, பேரம் பேசலாம். ஆனா நீங்களும் ஒரு நாள் விக்கிற ஆள். ஸ்காபரோ ரவுன்ஹவுஸ் மாதிரி ஓரளவான விலைக்குப் போட்டாக் கிழமைக்கணக்கில போற சாமான் இல்ல அது, மாசக்கணக்கில நிக்கும், மாரியில போட்டா இன்னும் மோசம். திரும்பி வர நினைச்சா இங்கத்தை விலை உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்காது.

இப்ப தண்ணி. இதை நீட்டித்தான் எழுதப்போறன், இங்க இருந்து போற ஆக்கள் கூடுதலா அடிபடுறது இதிலதான், வீடு பாக்கப் போகேக்க கிச்சின் கவுண்டர் கிரனைற்றோ எண்டு பாப்பினம், தண்ணி எங்க இருந்து வருது எண்டு கேக்காயினம். பிக்டன், வெலிங்டன் மாதிரி ரவுண்களுக்குள்ள முனிசிபாலிட்டி பைப் தண்ணி இருக்கு, கட்டிற வீடுகள் கொஞ்சம் எண்டபடியா பில் கூட, ஆனா தண்ணி வரும். நீங்கள் பாத்த வீடு வெளியில, அப்ப கிணறும் செப்ரிக்கும் (கழிவுத்தண்ணி போற நிலத்தடித் தொட்டி) தான். யாழ்ப்பாணத்தில வளந்த ஆளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல: கவுண்டியும் எங்கட ஊர் மாதிரியே சுண்ணாம்புக்கல், மேல மண் மெல்லிசு, மழைத்தண்ணி கல்லு வெடிப்புக்குள்ளால வடிபடாம நேர இறங்கும், அதோட சேந்து தோட்டத்துப் பசளையும் மாட்டெருவும் பக்கத்து வளவுக் கக்கூஸ் தண்ணியும் இறங்கும். கோண்டாவில், சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில நைத்திரேற்று எண்டும் கழிவு எண்ணெய் எண்டும் கேள்விப்பட்டிருப்பியள், நிலத்துக்குக் கீழ அதே கதைதான், இடம்தான் வேற.

2016 கோடையில அங்க கடும் வரட்சி, கன வீட்டுக் கிணறு வத்திப்போச்சு, சனம் பவுசரில தண்ணி இறக்கித்தான் குளிச்சுது. சில வீட்டில கிணறே இல்ல, நிலத்துக்குக் கீழ தொட்டி, வருசம் முழுக்கப் பவுசர்தான். அது ஒரு குற்றம் இல்ல, ஆனா தெரிஞ்சு வாங்கவேணும். ஒன்ராறியோவில கிணறு அடிக்கிற ஆள் அரசாங்கத்துக்கு ஒரு பதிவு குடுக்கவேணும், ஆழம் எவ்வளவு, எந்த ஆழத்தில தண்ணி வந்தது, நிமிசத்துக்கு எவ்வளவு வந்தது எல்லாம் அதில இருக்கும், இணையத்தில மாப்பில தட்டிப் பாக்கலாம். மிகப் பழைய கிணறு எண்டா பதிவு இருக்காது, அதுவே ஒரு தகவல்தான். பிறகு ஒரு மணித்தியாலமாவது தண்ணியை ஓடவிட்டு ஊத்து எவ்வளவு எண்டு பாக்கிற ஆளைப் பிடியுங்கோ, அதையும் ஆகஸ்ட் கடைசி இல்லாட்டி செப்ரம்பரில பாத்தாத்தான் உண்மை தெரியும், ஏப்ரலில பனி உருகேக்க எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். பக்ரீறியா பாக்கிறதுக்கு ஹெல்த் யூனிற்றில போத்தல் எடுத்துக் குடுக்கலாம், காசு இல்ல. நைத்திரேற்று, உப்பு, மற்றதுகளுக்குத் தனியார் லாப், அதுக்குக் காசு. ரெண்டும் செய்யுங்கோ. ஒரு தரம் இல்ல, கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தரமும், மழை பெய்ஞ்ச பிறகு ஒண்டு இருந்தா இன்னும் நல்லம்.

செப்ரிக் எங்க இருக்கு எண்டு ஒரு படம் கேளுங்கோ. சட்டப்படி செப்ரிக் வாய்க்கால் ஒழுங்கான குழாய்க் கிணத்தில இருந்து 15 மீற்றராவது, வெட்டுக்கிணறு மாதிரியான மற்றக் கிணத்தில இருந்து 30 மீற்றராவது தள்ளி இருக்கவேணும், ஆனா அந்தக் காலத்து வீடுகள் அந்தச் சட்டம் வாறதுக்கு முதல் கட்டினது. மூண்டு தொடக்கம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இறைக்கவேணும், ரசீது காட்டச் சொல்லுங்கோ. புதுசாப் போடவேண்டி வந்தா 20,000க்குக் குறைய ஆரும் வரமாட்டாங்கள், கல்லு நிலத்தில மண் கொண்டுவந்து மேடு கட்டிப் போடவேணும் எண்டா 40,000மும் ஆகும். மற்றது, கரண்ட் போனாப் பம்ப் நிண்டுடும், பம்ப் நிண்டா ரொய்லெற்றுக்கும் தண்ணி இல்ல. ஸ்காபரோவில கரண்ட் போனா மெழுகுதிரியோட முடியுது.

இப்ப எயார்பிஎன்பிக்கு வாறன். உங்கட அண்ணர் கெட்டிக்காரன், ஆனா அவற்ற யோசினையை இந்தக் கிணத்துக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. ஆகஸ்டில ஊத்து ஆகக் குறைஞ்சு கிடக்கிற நேரம், எட்டுப் பேர் வந்து பீச்சால வந்து ஒவ்வொருத்தரும் அரை மணித்தியாலம் குளிச்சு ரெண்டு தரம் வோஷிங் மெஷின் போட்டா கிணறும் தாங்காது செப்ரிக்கும் தாங்காது. அதை விடுங்கோ. 2018இல இருந்து கவுண்டி முனிசிபாலிட்டி இதுக்குச் சட்டம் போட்டு வச்சிருக்கு, லைசென்ஸ் எடுக்கவேணும், அடுத்தடுத்து எத்தனை வீடு இப்பிடி விடலாம் எண்டதுக்கும் கட்டுப்பாடு, பிறகு பிறகு இறுக்கிக்கொண்டுதான் வாறாங்கள், ஊர்ச் சனத்துக்கு இதில நல்ல கோபமும் இருக்கு, நியாயமான கோபம்தான். வித்தவர் விட்டவர், அதால நாங்களும் விடலாம் எண்டு நினைக்கக்கூடாது, இந்த அட்ரஸுக்கு எனக்கு லைசென்ஸ் கிடைக்குமோ எண்டு முனிசிபாலிட்டியிட்ட எழுத்தில கேட்டு எழுத்தில பதில் வாங்கவேணும். 2024இல இருந்து லைசென்ஸ் இல்லாம விட்டா அந்த வருமானத்துக்கு எதிரா வட்டி, கரண்ட் எண்டு ஒரு செலவும் வருமான வரியில கழிக்க ஏலாது. பாங்கும் வராத எயார்பிஎன்பி காசை உங்கட வருமானமாக் கணக்கெடுக்காது.

எல்லாத்தையும் விட ஒரு விசயம். நீங்கள் அந்த வீட்டில ஆசைப்பட்டது ஜூலையில. அண்ணற்ற திட்டப்படி ஜூலையும் ஆகஸ்டும் ரூறிஸ்ற்றுக்கு. உங்களுக்கு மிச்சம் கிடக்கிறதில கூடுதலானது நவம்பரில இருந்து ஏப்ரல். லேக் ஒன்ராறியோ காத்து, அஞ்சு மணிக்கு முதல் இருட்டு, திராட்சைக் கொடியையே குளிருக்குப் பயந்து மண்ணால மூடி வைக்கிற ஊர் அது, கடையள் பாதி மாரியில பூட்டு, டிரைவ்வேயில ஸ்னோ தள்ள ஒரு ஆளை சீசனுக்குப் பேசி வைக்கவேணும். அந்த மாரியையும் விரும்பிற ஆக்கள் இருக்கினம், மெய்யா. வானத்தில வெள்ளி தெரியும், சத்தம் இல்ல, பிள்ளையள் ஏரியில ஸ்கேற் பண்ணலாம், அயலட்டைச் சனம் றைவ்வேயில கார் புதைஞ்சாத் தானா வந்து இழுத்துவிடும். நீங்கள் அந்த ஆளோ எண்டதுதான் கேள்வி, சாண்ட்பாங்ஸ் மணலில நிண்டுகொண்டு அதுக்கு விடை சொல்லேலாது.

அம்மாவைப் பற்றி. பிக்டனில சின்ன ஆஸ்பத்திரி இருக்கு, எமர்ஜென்சி இருக்கு, புதுக் கட்டிடமும் கட்டுறாங்கள். ஸ்பெஷலிஸ்ட் எண்டா பெல்வில், பெரிசா ஒண்டு எண்டா கிங்ஸ்டன். குடும்ப டொக்டர் புதுசா ஆக்களை எடுக்கிறது அருமை, லிஸ்டில பேர் குடுத்துட்டு இருக்கவேணும், கனபேர் ரொறொன்ரோ டொக்டரையே வச்சுக்கொண்டு ரெண்டு ரெண்டரை மணித்தியாலம் ஓடி வருகினம். சுகர்க்கார அம்மாவுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அது சரி, ஏதும் சிக்கல் வந்தா? அவவுக்குத் தமிழ் கதைக்கிற டொக்டர், நடந்துபோற கடை, வெள்ளிக்கிழமைக் கோயில், சீனியர்ஸ் கூட்டம், எல்லாம் ஸ்காபரோவில. அங்க அவ கார் ஓடாமல் வீட்டுக்குள்ள, நீங்கள் வேலை, பிள்ளையள் ஸ்கூல். கடிதத்தில நீங்கள் என்ன நினைக்கிறியள், அண்ணர் என்ன நினைக்கிறார் எண்டு இருக்கு, அம்மா என்ன சொன்னவ எண்டு ஒரு வரி இல்ல. கேளுங்கோ, அதுவும் நீங்கள் தனிய இருக்கேக்க கேளுங்கோ, எல்லாற்றை முன்னாலயும் கேட்டா "உங்களுக்கு விருப்பம் எண்டாச் சரி" எண்டுதான் சொல்லுவா.

இவற்ற ஓட்டம் பிக்டன் மிசிசாகா போய் வர 450 கிலோமீற்றருக்கு மேல, கிழமையில ரெண்டு தரம், நடுவில ரொறொன்ரோ ட்ராஃபிக். ரயில் எண்டா பெல்வில்லுக்குப் போய் ஏறவேணும். பிள்ளையளுக்கு ஸ்கூல் பஸ் வரும், பெரியவனுக்கோ பெரியவளுக்கோ ஹைஸ்கூல் எண்டா பிக்டனில இருக்கிறதுதான், வகுப்பில வேற தமிழ்ப் பிள்ளை இருக்கும் எண்டு நினைச்சுப் போகாதேங்கோ. 9 வயசு ஒட்டிப்போடும். 13 வயசைக் கேட்டுத்தான் செய்யவேணும்.

காணி பிரிக்கிற கதையை இப்பவே மறந்திடுங்கோ. ஊரில மாதிரி உறுதி எழுதி ரெண்டு பரப்பு மூத்தவளுக்கு எண்டு குடுக்க இங்க ஏலாது, பிளானிங் சட்டப்படி முனிசிபாலிட்டி சம்மதம் வேணும், தோட்டக் காணி வலயத்தில இரண்டரை ஏக்கரைத் துண்டாக்க விடுறது வலு அபூர்வம். இன்னொண்டு, ஆரும் சொல்லாதது: குடியிருந்த வீட்டை வித்தா லாபத்துக்கு வரி இல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தச் சலுகை பொதுவா வீட்டோட சேத்து அரை ஹெக்ரேயர் காணிக்குத்தான், அதாவது ஒண்டேகால் ஏக்கர் அளவு. மிச்சத்துக்கு, வீட்டில இருக்க அந்தக் காணியும் தேவை எண்டு நீங்கள் காட்டவேணும். கணக்காளரிட்ட ஒரு மணித்தியாலம் காசு குடுத்துக் கதையுங்கோ.

அப்ப என்ன செய்யிறது? நான் உங்கட இடத்தில எண்டா ரவுன்ஹவுஸை விக்கவும் மாட்டன், வாடகைக்கு விட்டுட்டு "ஒரு மாரி இருந்து பாப்பம்" எண்டு போகவும் மாட்டன், ஏனெண்டா ஒன்ராறியோவில லீஸ் முடிஞ்ச உடன வாடகைக்காரர் எழும்பவேணும் எண்டு சட்டம் இல்ல, திரும்பி வரேக்க உங்கட வீட்டு வாசலில நீங்கள் நிப்பியள். அதுக்குப் பதிலா பெப்ரவரியில, இல்லாட்டி மார்ச் பிரேக்கோட சேத்து, ரெண்டு கிழமை அங்க ஒரு வீடு எடுங்கோ, அந்த நேரம் மலிவு. ரவுணுக்குள்ள எடுக்காதேங்கோ, கிணறு உள்ள வீடா எடுங்கோ. அம்மாவும் வரட்டும். இவர் அங்க இருந்தே ரெண்டு நாளும் ஒபிஸுக்குப் போய் வரட்டும், லீவு போடக்கூடாது. அதுக்குப் பிறகும் உங்களுக்கு அதே ஆசை இருந்தா நான் ஒண்டும் சொல்லமாட்டன், எயார்பிஎன்பி காசு ஒரு சதமும் இல்லாம மாசக் கணக்கு நிக்குமெண்டா வாங்குங்கோ.

ஆசை ஏரிக்கும் முத்தத்துக்கும்தான், இரண்டரை ஏக்கருக்கு இல்ல எண்டா, பெல்வில்லையும் பாருங்கோ. பைப் தண்ணி, சூவர், பெரிய ஆஸ்பத்திரி, ரயில், 401 ஹைவே பக்கத்தில, முக்கால் மணித்தியாலத்தில சாண்ட்பாங்ஸ், விலையும் கவுண்டியை விடக் குறைய. மோட்கேஜ் மெய்யாக் குறையிறது அங்கதான். கேக்கக் கனவு மாதிரி இராது எண்டு தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பாம் ஹவுஸுக்கே ஓபர் போடுறதெண்டா, கொண்டிஷன் இல்லாமப் போடாதேங்கோ: மோட்கேஜ், இன்ஸ்பெக்ஷன், தண்ணியின்ர அளவும் தரமும், செப்ரிக், இன்சூரன்ஸ், உங்கட வீடு விக்கிறது, எல்லாம் எழுத்தில. இன்சூரன்ஸை விட்டுடாதேங்கோ, ஃபயர் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், விறகு அடுப்புக்குச் சான்றிதழ் இருக்கோ, ஒயில் ராங்க் எத்தனை வயசு எண்டு பாத்துட்டுத்தான் விலை சொல்லுவாங்கள், சில வீட்டை எடுக்கவே மாட்டாங்கள், இன்சூரன்ஸ் இல்லாட்டி பாங்க் காசு தராது. பத்து வேலை நாளாவது கேளுங்கோ, தண்ணி றிசல்ற் வரவே நாள் எடுக்கும். விக்கிற பக்கத்து ஏஜென்ற் "வேற ஆக்களும் பாக்கினம்" எண்டு அவசரப்படுத்துவார். ஜூலையில இருந்து கிடக்கிற வீடு தங்கச்சி, இன்னும் ரெண்டு கிழமை கிடக்கும்.